‘ஃபுல்’ விளக்கு எரிந்த பிறகும் தண்ணீர் நிற்கவில்லை

கேள்வி: நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கருங்கல் பக்கம் வீடு. கேரவனாக மாற்றிய பழைய வேன் ஒன்றைப் போன வருடம் வாங்கினோம். பின்கட்டிலுக்கு அடியில் 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. வெளியே ஹோஸை மாட்டி உள்ளே ‘ஆட்டோ’ பொத்தானை அழுத்தினால் தானாக நிறைந்து தானாக நிற்க வேண்டும். ஓணம் விடுமுறையில் கன்னியாகுமரி விடுதி ஒன்றில், பிரஷர் பம்பு வைத்த குழாயில் மாட்டினோம். சரியாக நிறைந்து நின்றது. அன்று இரவு ஹோஸை நேரடி இணைப்புக்கு மாற்றி, ஆட்டோவை அணைத்துவிட்டுத் தூங்கினோம். காலையில் வண்டிக்கு அடியில் குளம் போல வெள்ளம். அப்புறம் இரண்டு மாதம் வண்டி முற்றத்திலேயே நின்றது. இப்போது வீட்டில் மாடித் தொட்டிக் குழாயில் மாட்டினால், காலையில் மோட்டார் போட்ட பிறகு சில நாள் ஏறுகிறது. சாயங்காலம் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது, தண்ணீர் ஏறுவதில்லை. ஏறும் நாளிலும் ‘ஃபுல்’ விளக்கு எரிந்த பிறகு உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. போன வாரம் வெள்ளம் வழிந்து கட்டில் பலகை நனைந்துவிட்டது. மெக்கானிக் மிதவை சுவிட்சை மாற்றினார், பலனில்லை. இனி கன்ட்ரோல் போர்டையே மாற்றி, பிராப் சென்சார் போட வேண்டும் என்கிறார். ஜனவரியில் பேரப்பிள்ளைகளோடு மூணாறு போக வேண்டும். போர்டை மாற்றலாமா? வால்வின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்:

டீச்சர், போர்டை மாற்றாதீர்கள். பிராப் சென்சாரும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வால்வின் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் வண்டியில் மூன்று கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அதனால்தான் மெக்கானிக்குக் குழப்பம். மூன்றுமே தண்ணீர் போகும் வழியில் உள்ளவை. மின்சாரப் பக்கம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு உங்கள் கடிதமே சாட்சி. ‘ஃபுல்’ விளக்கு எரிகிறது என்றால் மிதவை மேலே வந்து போர்டுக்குச் சொல்லிவிட்டது என்று அர்த்தம். பொத்தானை அழுத்தியதும் ‘டக்’ என்று கேட்கிறது என்றால் போர்டு சொன்னது வால்வின் காயிலுக்கு, அதாவது மின்சாரம் வந்தால் காந்தமாகும் கம்பிச் சுருளுக்கு, போய்ச் சேர்ந்துவிட்டது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லிவிட்டார்கள். கேட்டு நடக்க வேண்டிய வால்வுதான் நடக்கவில்லை.

முதலில் எனக்கு அதிகம் கவலை தரும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கடைசியாக, போகிற போக்கில் எழுதிய கட்டில் பலகைதான் அது. ஓணத்தின்போது வழிந்த தண்ணீர் வண்டிக்கு அடியில் போயிற்று. அதுதான் முறை. தொட்டியின் தலையிலிருந்து ஒரு வழிவுக் குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். தண்ணீர் அதிகமானால் அந்த வழியாகத்தான் வடிய வேண்டும். போன வாரம் அதே தண்ணீர் கட்டிலுக்கு வந்திருக்கிறது. அப்படியானால் இந்த இரண்டு மாதத்துக்குள் அந்தக் குழாய் அடைத்துவிட்டது. தண்ணீருக்கு வேறு வழியில்லாமல் தொட்டியின் மேல்மூடி வழியாகப் பிதுங்கி வந்திருக்கிறது.

நம் ஊரில் இரண்டு மாதம் முற்றத்தில் நின்ற வண்டியின் குழாயை அடைப்பது பெரும்பாலும் குளவிதான். குழாயின் வாயில் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டிவிடும். முட்டத்தில் ஒரு படகுக்காரர் தொட்டிக்கு இதேபோல ஆனதைப் பார்த்திருக்கிறேன். பம்பிலிருந்து நேராக நிறைத்திருக்கிறார்கள். காற்று வெளியேற வழியில்லை. பிளாஸ்டிக் தொட்டி பலாப்பழம் போல உப்பி, மேலே அடித்திருந்த பலகையை ஆணியோடு தூக்கிவிட்டது. இந்தத் தொட்டிகள் தண்ணீரைத் தாங்கத்தான் செய்யப்பட்டவை, அழுத்தத்தைத் தாங்க அல்ல. வீட்டுக் குழாயில் அழுத்தம் குறைவாக இருந்ததால் உங்களுக்குப் பலகையோடு போயிற்று. இதே அடைப்போடு விடுதியின் பிரஷர் லைனில் மாட்டியிருந்தால் தொட்டியே கிழிந்திருக்கும். பேரப்பிள்ளைகள் படுக்கும் கட்டில் அது. ஆகவே வேறு எதைத் தொடுவதற்கும் முன்னால் இதைச் சரிசெய்யுங்கள்.

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் பின்சக்கரத்தின் பக்கம் விரல் மொத்தத்தில் ஒரு குழாய் முனை தெரியும். நீளமான ஈர்க்குச்சியை மெதுவாக உள்ளே விட்டுப் பாருங்கள். செம்மண் உதிர்ந்தால் சந்தேகமே இல்லை. காற்றடித்து எடுக்கலாம் என்று பஞ்சர் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். காற்று அந்த மண்ணைத் தொட்டிக்குள் தள்ளிவிடும். கீழிருந்தே குத்தி, கீழேயே விழ வைக்க வேண்டும். அப்புறம் மேல்மூடியைத் திறந்து, அந்தக் குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் முழுவதும் கீழே வந்துவிட வேண்டும். வந்ததும் முனையில் கொசுவலைத் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். துணி வேண்டாம், அது நனைந்தால் காற்று போகாது. நனைந்த பலகையைக் கழற்றி, மெத்தையில்லாமல் நான்கைந்து நாள் காற்றாட நிறுத்திவையுங்கள். ஓரம் உப்பிப் பிளந்திருந்தால் அந்தப் பலகையை விட்டுவிடுவதே நல்லது.

ஒரு எச்சரிக்கை. இந்த வேலையெல்லாம் நடக்கும்போது வண்டியின் 230 வோல்ட் பிளக் வீட்டு சாக்கெட்டில் இருக்கவே கூடாது. வால்வும் மிதவையும் 12 வோல்ட்தான், அது ஒன்றும் செய்யாது. ஆனால் அதே கட்டிலுக்கு அடியில்தான் பேட்டரி சார்ஜரும் இன்வெர்ட்டரும் இருக்கும். ஈரப் பலகை, ஈரக் கை, 230 வோல்ட் மூன்றும் ஒரே இடத்தில் சேரக் கூடாது.

சரி, இனி வால்வுக்கு வருவோம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் வால்வின் உடம்பில் ‘0.05–0.8’ என்றும் பக்கத்தில் மெகாபாஸ்கல் என்பதன் குறியும் அச்சாகியிருக்கிறது. உங்கள் பாதிப் பிரச்சினைக்கு அந்த எண்ணே பதில். இந்த வால்வு வேலை செய்யக் குறைந்தது 0.05 மெகாபாஸ்கல் அழுத்தம் வேண்டும் என்கிறார்கள். அழுத்தத்தை அளக்கும் ‘பார்’ கணக்கில் அது அரை பார். தண்ணீரின் உயரத்தில் சொன்னால் சுமார் 5 மீட்டர், கிட்டத்தட்ட 17 அடி. வால்வு இருக்கும் இடத்திலிருந்து மாடித் தொட்டியின் தண்ணீர் மட்டம் 17 அடி உயரத்தில் இருந்தால்தான் அதற்கு அந்த அரை பார் கிடைக்கும். மாடியில் தொட்டி உள்ள ஒரு நிலை வீட்டில் 12, 13 அடி இருந்தாலே அதிகம். அதிலும் ஹோஸ் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால், தண்ணீர் ஓடத் தொடங்கியதும் பாதி அழுத்தம் வழியிலேயே கரைந்துவிடும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தை நினைத்துப் பாருங்கள். 115 அடி உயரத்தில் தண்ணீர் சரிவில் தானாக ஓடுகிறது. ஓடும் தண்ணீரில் கைவைத்தால் பெரிய அழுத்தம் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தத் தொட்டியிலிருந்து ஒரு பைப்பைப் பரளியாறு வரை இறக்கி, அடியில் டேப் போட்டால் அங்கே ஏறக்குறைய மூன்றரை பார் இருக்கும். அழுத்தத்தைத் தருவது உயரம்தான். மேலே 100 லிட்டர் இருக்கிறதா 1,000 லிட்டர் இருக்கிறதா என்பதில் ஒன்றுமில்லை.

நீங்கள் எழுதிய ‘காலையில் ஏறுகிறது, சாயங்காலம் ஏறவில்லை’ என்ற ஒரு வரியைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாகிவிட்டது. இதைக் கவனித்து எழுதுகிறவர்கள் அபூர்வம். காலையில் மோட்டார் போட்டதும் மாடித் தொட்டி விளிம்புவரை இருக்கும். சாயங்காலம் அடியில் கிடக்கும். நடுவில் 3, 4 அடி வித்தியாசம். உங்கள் வால்வு ஏற்கெனவே பற்றாக்குறையில் மூச்சுவாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த 3 அடி இருந்தால் எப்படியோ திறக்கிறது, இல்லையென்றால் திறக்க முடிவதில்லை. ‘டக்’ என்று கேட்பது காயில் உள்ளே இருக்கும் சின்ன இரும்புத் தண்டைத் தூக்கும் சத்தம். தண்டு தூங்கவில்லை, அதற்கு அடியில் உள்ள ரப்பர் தட்டைத் தூக்கத் தண்ணீருக்குத்தான் பலமில்லை.

இந்த வகை வால்வு எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் உங்களுக்கே விளங்கிவிடும். தண்ணீரின் வழியை மூடிக்கொண்டு ஒரு ரப்பர் தட்டு உட்கார்ந்திருக்கிறது. அதில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. வரும் தண்ணீர் அந்தத் துளை வழியாக மெல்லக் கசிந்து தட்டின் முதுகுப் பக்கம் நிறையும். முதுகுப் பக்கம் பரப்பு அதிகம் என்பதால் தண்ணீரே தட்டை அழுத்தி மூடிவைக்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தினால் இரும்புத் தண்டு மேலே போய், தட்டின் நடுவில் உள்ள இன்னொரு சிறு வழியைத் திறந்துவிடும். முதுகில் இருந்த தண்ணீர் வடியும். கீழே உள்ள அழுத்தம் தட்டைத் தூக்கும். வால்வு திறந்துவிட்டது. மூடும்போது தண்டு கீழே விழுந்து நடுவழியை அடைக்கும். ஊசித்துளை வழியாகத் தண்ணீர் மறுபடியும் முதுகில் சேர்ந்து தட்டை அழுத்தி மூடும்.

ஆக, காயில் செய்வது சைகை காட்டும் வேலை மட்டும்தான். திறப்பதும் மூடுவதும் தண்ணீரின் அழுத்தம். அழுத்தம் குறைந்தால் திறப்பும் சரியாக இருக்காது, மூடலும் சரியாக இருக்காது. அந்த ஊசித்துளையில் ஒரு சின்னத் தூசி உட்கார்ந்துவிட்டால் முதுகில் தண்ணீர் சேராது, வால்வு மூடவே மூடாது. உங்கள் வண்டியில் ‘ஃபுல்’ எரிந்த பிறகும் தண்ணீர் விழக் காரணம் இந்த இரண்டும் சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். நம் மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. வருடத்தில் இரண்டு தடவை கிணறு கலங்கும். உங்கள் பக்கம் செம்மண் கிணறு. அந்தச் சேற்றின் மெல்லிய படிவு மாடித் தொட்டியின் அடியில் சேர்ந்து, தொட்டி குறையும்போது குழாயில் இறங்கும். கடைசியில் வந்து நிற்கும் இடம் அந்த ஊசித்துளை.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு சோதனை செய்து பாருங்கள். காலையில், தண்ணீர் ஏறும் நேரத்தில் செய்யுங்கள். தொட்டி நிறைந்து ‘ஃபுல்’ விளக்கு எரியட்டும். தண்ணீர் விழும் சத்தம் தொடர்ந்தால், வால்வின் தலையில் உள்ள காயிலுக்குப் போகும் இரண்டு வயர்களில் ஒன்றைக் கழற்றிவிடுங்கள். வயரைக் கழற்றியும் தண்ணீர் நிற்கவில்லை என்றால் போர்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, கோளாறு வால்வுக்குள். கழற்றிய உடனே நின்றுவிட்டால் மட்டும் போர்டில் உள்ள ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்ச்) ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கலாம். விடுதியில் ஒழுங்காக நின்ற அதே போர்டு என்பதால் இரண்டாவது நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. போர்டை மாற்றச் சொல்லும் யாராக இருந்தாலும், அவர் முன்னாலேயே இந்த வயரைக் கழற்றிக் காட்டுங்கள். சண்டை போட வேண்டியதில்லை, பார்த்தால் அவருக்கே புரியும்.

சுத்தம் செய்வது அரைமணி நேர வேலை. வெளிக் குழாயை மூடி, ஆட்டோ பொத்தானை ஒருமுறை அழுத்தி உள்ளே நிற்கும் அழுத்தத்தை விட்டுவிட்டு, அப்புறம் ஹோஸைக் கழற்றுங்கள். ஹோஸ் மாட்டும் வாயில் ஒரு சின்ன வலைக்கூடை இருக்கும். மூக்கு பிளையரால் மெதுவாக இழுத்தால் வரும். செந்நிற வழவழப்பு அதில் ஒட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். அப்புறம் வால்வின் தலையில் உள்ள நான்கு திருகுகளைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு தண்டு, ஒரு மெல்லிய ஸ்பிரிங், அதற்கு அடியில் ரப்பர் தட்டு. எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கைபேசியில் படம் எடுத்துவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓரத்தில் அந்தத் துளை ஒரு வெள்ளிப் புள்ளி போலத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் வால்வு வேறு விதமாகக் கெட்டுப்போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு ஊறவைத்து, பிரஷ்ஷின் ஒற்றை நாரை விட்டு எடுங்கள். ரப்பரின் விளிம்பில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தட்டுப்பட்டால் வெட்டு விழுந்திருக்கிறது, வால்வை மாற்ற வேண்டியதுதான். திரும்ப மாட்டும்போது வால்வின் உடம்பில் உள்ள அம்புக்குறி தொட்டியைப் பார்த்து இருக்கட்டும். திருப்பி மாட்டினால் ஒருநாளும் மூடாது.

சுத்தம் செய்தால் பிரஷர் உள்ள இடங்களில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். வீட்டு மாடித் தொட்டியில் மட்டும் இந்த வால்வு நம்பகமாக இருக்காது, ஏனென்றால் அது அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. இதற்கு என்ன செய்யலாம்? அழுத்தமே இல்லாமல் திறக்கும் நேரடி வகை சோலனாய்டு வால்வு இருக்கிறது. அதில் அழுத்தம் 0 என்பதிலிருந்து தொடங்கி அச்சிட்டிருப்பார்கள். ஆனால் ரப்பரைத் தண்ணீர் தூக்காமல் காயிலே தூக்க வேண்டியிருப்பதால் மின்சாரம் அதிகம் இழுக்கும், கை வைத்தால் சுடும். நான் உங்களுக்குச் சொல்வது மோட்டார் வைத்த பால் வால்வு, அதாவது பந்து வால்வு. சின்ன மோட்டார் ஒன்று உள்ளே உள்ள பந்தைக் கால் வட்டம் திருப்பும், வழி முழுதாகத் திறக்கும். மண், சேறு அதில் எளிதில் சிக்காது. மின்சாரம் பெரும்பாலும் திருப்பும் சில விநாடிக்குத்தான் செலவாகும். வாங்கும்போது ஒன்றே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: கரண்ட் போனால் தானே மூடிக்கொள்ளும் வகையா என்று. இல்லையென்றால் பாதி திறந்த நிலையில் ஃபியூஸ் போனால் அப்படியே நின்றுவிடும். அதற்கும் போர்டை மாற்ற வேண்டியதில்லை, சில வகைகளுக்கு வயரிங்கில் மட்டும் ஒரு ரிலே சேர்க்க வேண்டியிருக்கும்.

செலவே வேண்டாம் என்றால், வீட்டில் நிறைக்கும்போது ஆட்டோவை மறந்துவிட்டு, வண்டியின் பக்கவாட்டில் உள்ள மூடி வழியாக ஹோஸைச் செருகி, பக்கத்தில் நின்று நிறையுங்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்துகொள்ள ஒரு 15 லிட்டர் வாளியை வையுங்கள். 3 நிமிடத்தில் வாளி நிறைந்தால் நிமிடத்துக்கு 5 லிட்டர். காலித் தொட்டி 150 லிட்டருக்கு அரைமணி. ஆட்டோவில் நிறைக்கும்போதும் கைபேசியில் 35 நிமிடத்துக்கு மணி வைத்துக்கொள்ளுங்கள். நான் கட்டிக் கொடுக்கும் வண்டிகளில் எல்லாம் போர்டிலேயே இப்படி ஒரு நேரக் கட்டுப்பாடு வைத்துவிடுவேன். மிதவை சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நேரம் முடிந்தால் வால்வுக்கு மின்சாரம் போகாது.

சிலர் மாடித் தொட்டிக்குப் போகும் மோட்டார் லைனிலிருந்து நேராக ஹோஸை எடுத்துவிடுவார்கள். அது வேண்டாம். மேலே போகும் வழியை மூடிவிட்டு இப்படிச் செய்தால், வண்டியின் வால்வு மூடும் அந்த நிமிடத்தில் மோட்டாருக்குத் தண்ணீரைத் தள்ள வேறு இடமிருக்காது. ஹோஸ் பிய்த்துக்கொள்ளும், இல்லாவிட்டால் மோட்டார் சூடேறிக் காயும்.

இனி ஓணத்து இரவு. இது வால்வின் தப்பு இல்லை. அன்றைக்கு ஹோஸ் ஆட்டோ வாயில் இல்லை, நேரடி இணைப்பில் இருந்தது. நேரடி இணைப்பில் வரும் தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் நேராக வண்டியின் டேப்புகளுக்குப் போகும். தொட்டியிலிருந்து டேப்புக்குத் தண்ணீர் தள்ளும் 12 வோல்ட் பம்பும் அதே குழாயில்தான் சேர்கிறது. பம்புக்குள் ஒரு சின்ன ரப்பர் தடுப்பு உண்டு. தண்ணீரை டேப் பக்கம் மட்டும் விடும், திரும்பித் தொட்டிப் பக்கம் விடாது. அந்த ரப்பர் தேய்ந்தாலோ மணல் சிக்கினாலோ விடுதியின் பிரஷர் தண்ணீர் பம்பு வழியாகப் பின்னோக்கிப் போய் ராத்திரி முழுக்கத் தொட்டியை நிறைக்கும். பம்பு ஓடாது, விளக்கு எதுவும் எரியாது, சத்தமும் இருக்காது. கேரவன் வைத்திருப்பவர்களை இது அடிக்கடி ஏமாற்றும். ஆட்டோ கோளாறு என்று நினைத்து வால்வையும் சென்சாரையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

உறுதிப்படுத்துவது எளிது. தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயில் ஒரு கை வால்வு இருக்கும், அதை மூடுங்கள். பம்பின் அந்தப் பக்கத்துக் குழாயைக் கழற்றி, பம்பின் வாய்க்கு அடியில் ஒரு டம்ளரைப் பிடியுங்கள். இப்போது வெளியே நேரடி இணைப்பில் தண்ணீர் விடுங்கள். பம்பின் வாயிலிருந்து டம்ளரில் தண்ணீர் சொட்டினால் தடுப்பு போய்விட்டது. வீட்டுக் குழாயின் அழுத்தம் குறைவு என்பதால் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பம்பை மாற்ற வேண்டியதில்லை. பம்பு வெளியேறும் பக்கத்தில் அரை இன்ச் பித்தளை என்ஆர்வி (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) ஒன்றை, அம்புக்குறி டேப்பைப் பார்க்கும்படி போட்டுவிட்டால் போதும். மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ பைப் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சாமான். போட்ட பிறகும், படுக்கப் போகும் முன் வெளிக் குழாயை மூடிவிடும் பழக்கம் வேண்டும். ஹோஸ் பிய்ந்தால் எந்த என்ஆர்வியும் காப்பாற்றாது.

பிராப் சென்சார் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அது தண்ணீரில் மின்சாரம் கடக்கிறதா என்று பார்த்துத்தான் மட்டத்தைச் சொல்கிறது. தண்ணீரில் கரைந்த உப்புதான் மின்சாரத்தைக் கடத்தும். வீட்டுக் கிணற்றில், குளச்சல் கடலோரத்தில், திற்பரப்பு மலையடியில் என்று நீங்கள் போகிற இடமெல்லாம் தண்ணீர் வேறு. மழைத் தண்ணீரிலும் மலையோடைத் தண்ணீரிலும் உப்பு குறைவு, தொட்டி நிறைந்தும் பிராப்புக்குத் தெரியாமல் போகலாம். உவர்த் தண்ணீரில் கம்பிகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் மேல் ஈரப் படலம் நின்று, காலித் தொட்டியையே நிறைந்ததாகக் காட்டலாம். ஒரே வீட்டில் ஒரே கிணற்றுத் தண்ணீருக்கு அது நல்ல கருவி. ஊர் ஊராகப் போகும் வண்டிக்கு மிதவைதான் சரி. தண்ணீர் எந்த ஊருடையதானாலும் அதில் மிதவை மிதக்கும்.

புதிதாகப் போட்ட மிதவையைப் பற்றி மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள். அதன் வயர் போர்டுக்குப் போகிறதா, நேராக வால்வுக்குப் போகிறதா? மிதவைக்குள் இருப்பது அரிசி மணியைவிடச் சற்று நீளமான கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய தகடு. காந்தம் வந்தால் தொடும், போனால் விலகும். போர்டுக்குச் செய்தி சொல்ல அது போதும். வால்வின் மின்சாரத்தை அதன் வழியாக அனுப்பினால், அணையும் ஒவ்வொரு தடவையும் காயில் ஒரு பொறியைத் திருப்பி அடிக்கும். சில மாதத்தில் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். போர்டுக்குப் போகிறது என்றால் கவலையில்லை. நேராகப் போயிருந்தால் நடுவில் ஒரு ரிலேயும், காயிலின் குறுக்கே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்றும் போடச் சொல்லுங்கள். டயோடின் வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். சொத்தவிளை, முட்டம் என்று கடற்கரையில் வண்டியை நிறுத்துவீர்கள் என்றால் வயர் இணைப்புகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிடட்டும். சுரண்டிக் கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும்.

மேல்மூடியைத் திறக்கும்போது இன்னொன்றும் பாருங்கள். தண்ணீர் வந்து விழும் குழாயின் முனை, வழிவுக் குழாயின் வாயைவிட உயரத்தில் இருக்கிறதா? முனை தண்ணீருக்குள் மூழ்கும்படி இருந்தால், வெளியே சப்ளை நின்று வால்வு திறந்திருக்கும் நேரத்தில் வண்டித் தண்ணீர் ஹோஸ் வழியாக வீட்டுக் குழாய்க்கே திரும்பி இழுபடும். பல நாள் நின்ற தண்ணீர் குடிக்கும் குழாய்க்குப் போகக் கூடாது. முனையை இரண்டு விரல் உயரம் மேலே வைத்து அறுத்துவிடுவதுதான் இதற்கு மருந்து.

மூணாறு போவதற்குள் வழிவுக் குழாயும், பம்புக்கு என்ஆர்வியும், வால்வுச் சுத்தமும் முடிந்திருக்க வேண்டும். ஹோஸ் மாட்டும் வாயில் ஒரு ஒய் ஸ்ட்ரெய்னரும் (தூசியைப் பிடிக்கும் வடிகட்டி), கையால் மூடும் சின்ன பால் வால்வும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வால்வை நீங்கள் மூணாறிலிருந்து திரும்பி வந்த பிறகு போட்டால் போதும். வயரைக் கழற்றிப் பார்த்தபோது தண்ணீர் நின்றதா, டம்ளரில் சொட்டியதா என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள். பம்பின் பெயர்ப் பலகையையும் படம் எடுத்து அனுப்பினால், பழைய பைப்பை அறுக்காமல் என்ஆர்வியை எந்த இடத்தில் போடலாம் என்று வரைந்து அனுப்புகிறேன்.